ஒண்ணே முக்கால் வயசை எப்படிங்க உக்கார வைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சுட்டிக் குழந்தைகளை அமைதியா வச்சுக்க எளிய வழிகள்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன், படிச்சு முடிக்குறதுக்குள்ள நடுவுல நடுவுல எந்திரிச்சு ஓட வேண்டியதாப் போச்சு, ஏன்னா பேத்தி கூட இருந்தா. அவளுக்கு இப்ப ஒண்ணே முக்கால் வயசு. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுவாங்க, வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி, அதனால காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அவ பின்னாடி ஓடுற டூட்டி என்னோடது. ரிட்டயர் ஆயாச்சு, வீட்ல சும்மாதானே இருக்காருன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. சும்மாவாம்! ஒரு நாளு வந்து பாக்கச் சொல்லுங்க.

அந்தக் கட்டுரைல சொன்ன யோசனை எல்லாம் ஒரே பக்கமாத்தான் போகுது. ஒரே இடத்துல உக்காரப் பழக்குங்க, ஆளுங்க வந்தா கைல எதையாவது கொடுத்து அடக்கி வைங்க, வெளிய போனா இடுப்ப விட்டு இறக்காதீங்க. எழுதினவங்க நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பாங்க, அதை நான் குறை சொல்லல. ஆனா பிள்ளை ஓடுறதும் ஏறுறதும் இழுக்குறதும் கொட்டுறதும் ஏதோ கோளாறு, அதைச் சரி பண்ணியாகணும்னு படிக்கிறவங்களுக்குத் தோணிடுது பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்து வரல. இந்த வயசுல ஓடுறதுதாங்க அதுக்கு வேலை. மாற வேண்டியது நம்ம வீடும், நம்ம வெயிட்டிங் ரூமும், பிள்ளையை அடக்கத் தெரியலையான்னு கேக்குற நம்ம வாயும். இதைச் சொல்லத்தான் இந்த லெட்டர். நீளமாத்தான் போகும், வேணும்னா வெட்டிக்கோங்க, ஆனா பேட்டரி பத்தி எழுதியிருக்கிறதை மட்டும் வெட்டிடாதீங்க.

காலைல கண்ணு முழிச்ச உடனே கட்டில்ல இருந்து இறங்குவா, முன்பக்கமா இல்ல, திரும்பிப் படுத்து வயித்தால சறுக்கிக் காலால தரையைத் துழாவி இறங்குவா, அந்தக் கால் தரையைத் தொட்ட நிமிஷத்துல இருந்து ஆரம்பம். அடுப்படிக்குப் போயி கீழ் டிராயரை இழுத்து ஒவ்வொரு மூடியா வெளிய எடுத்து, கஸ்டம்ஸ்ல பெட்டியைச் சோதிக்கிற ஆபீசர் கணக்கா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பாத்துத் தரைல வைப்பா, எல்லாம் முடிஞ்சதும் அந்தக் காலி டிராயருக்குள்ள தான் ஏறி உக்காந்துக்குவா. சீப்பு ஷூவுக்குள்ள இருக்கும். ரிமோட் வாஷிங் மெஷின்ல இருக்கும். பாட்டியோட ஒத்தைச் செருப்பு என் தலையணைக்குக் கீழ இருக்கும், அது ஏன் அங்கன்னு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு பொருள் காணோம்னா இப்பல்லாம் நாங்க தேடுறது கிடையாது, அவகிட்டயே கேட்டுடுறோம், எங்கடா செல்லம் தாத்தா கண்ணாடின்னு கேட்டா நேரா கூட்டிட்டுப் போயி காட்டுவா, அந்த ஞாபகசக்தி எனக்குக் கிடையாது.

டம்ளரைக் கீழ போடுவா, எடுத்துக் கொடுத்தா திரும்பப் போடுவா. வேணும்னே பண்றா பாருங்கன்னு வீட்டுக்காரம்மா சொல்லுவாங்க. வேணும்னேதான் பண்றா, சந்தேகமே வேணாம், ஆனா நம்மளை வெறுப்பேத்துறதுக்கு இல்ல. ஒரு நாள் வேலையெல்லாம் விட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். உசரமான நாற்காலில உக்காந்துக்கிட்டு ஸ்பூனைப் போட்டா, போட்டுட்டு என் மூஞ்சியைப் பாக்கல, தரையைப் பாத்தா, அந்த ணங்குங்கிற சத்தம் அடங்குற வரைக்கும் தலையைச் சாய்ச்சே வச்சிருந்தா. எடுத்துக் கொடுத்தேன், இந்தத் தடவை கையை நல்லா வெளிய நீட்டிப் போட்டா. அடுத்தது துணி பொம்மை, அது விழுந்தும் சத்தம் வரல, எட்டி எட்டிப் பாக்குறா, விழுந்துச்சா இல்லையான்னு அவளுக்கு ஒரே சந்தேகம். அதுக்கப்புறம் கை என் மூக்குக் கண்ணாடிக்கு வந்துச்சு, ஆராய்ச்சியை அதோட நிறுத்திட்டேன். சுவிட்சர்லாந்துல ழான் பியாஜேன்னு ஒரு அறிஞர் இருந்தார், 1896ல பிறந்து 1980 வரைக்கும் இருந்தவர், தன்னோட மூணு பிள்ளைங்களையும் கூடவே உக்காந்து உத்துப் பாத்துக் குறிப்பு எழுதி வச்சார், ஒரு வயசுல இருந்து ஒன்றரை வயசு வாக்குல பிள்ளைங்க ஒரே காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்திச் செஞ்சு இப்படிப் போட்டா என்ன ஆகும், அப்படிப் போட்டா என்ன ஆகும்னு சோதிச்சுப் பாக்குறாங்கன்னு சொன்னது அவருதான். நம்ம வீட்ல நடந்தா அதுக்குப் பேரு சேட்டை.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. என் விரல் நீளத்துக்கு ஒரு பொம்மைக் கார் இருக்கு. அதோட கதவைத் திறந்து அதுக்குள்ள தன் காலை வைக்கப் பாத்தா. விளையாட்டுக்கு இல்ல, நிஜமாவே ஏறப் போறா, ஒரு கையால சோபாவைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு பெருவிரலை உள்ள திணிக்குறா, போகலைன்னதும் காரைத் தலைகீழாத் திருப்பிப் பாத்துட்டு திரும்பவும் திணிக்குறா. எனக்கு முதல்ல பயமே வந்துடுச்சு, என்னடா பிள்ளைக்கு அளவே தெரியலையேன்னு. அப்புறம் மருமகன் தேடிப் பாத்துச் சொன்னார், 2004லயே ஜூடி டிலோச்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் இதைப் பத்தி எழுதியிருக்காங்களாம், ஒன்றரை வயசுல இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் உள்ள நல்ல ஆரோக்கியமான பிள்ளைங்களே பொம்மை நாற்காலில உக்காரப் பாக்குமாம், குட்டிச் சறுக்கு மரத்துல சறுக்கப் பாக்குமாம். கார்னு தெரிஞ்சதும் மனசு ஏறுன்னு சொல்லிடுது, இது சின்னதுங்கிற சேதி வந்து சேர லேட்டாகுது, அவ்வளவுதான். அதைக் கேட்டப்புறம் அடுத்த தடவை அவ ஏறும்போது நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

தெருமுனை வரைக்கும் போறது தனிக் கதை. நான் நடந்தா கண் மூடி முழிக்கிற தூரம், அவளோட போனா அரைப் பொழுது ஓடிடும். முதல்ல கேட்டோட தாழ்ப்பாளை ஆட்டணும். அப்புறம் சுவரோரமா போற எறும்பு வரிசை, குத்துக்கால் போட்டு உக்காந்து அதைப் பாப்பா, உக்காந்தா உக்காந்ததுதான், அந்தக் குத்துக்கால் இப்ப என்னால ஒரு நிமிஷம் போட முடியாது. ஒரு எறும்பு தன்னை விடப் பெரிய இறக்கை எதையோ இழுத்துட்டுப் போச்சு, காத்து அடிச்சதும் இறக்கையோட சேந்து எறும்பும் புரண்டுச்சு, இவ 'ஐயோ'ன்னா. அது யாரு சொல்லிக் கொடுத்தாங்களோ தெரியல, சரியான இடத்துல சரியா வந்துச்சு. அடுத்தது சாக்கடை மூடி, அதுல ஓட்டை இருக்கும், ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு கல்லு போடணும், போட்டுட்டு காது கொடுத்துக் கேக்கணும், கல்லு தீந்துபோனா நான் பொறுக்கித் தரணும். நிறுத்தி வச்ச பைக் கண்ணாடில ஒரு பாப்பா இருக்கா, அந்தப் பாப்பாவுக்கு ஒரு டாட்டா. பாதி தூரம் போயி, போன வழியே திரும்ப வந்து, தாழ்ப்பாள் இன்னும் இருக்கான்னு பாத்துட்டுத் திரும்பவும் கிளம்பணும். எங்க போறோங்கிறது அவளுக்கு முக்கியமே இல்ல. வாக்கிங் போற ஆளுங்க என்னங்க இன்னும் இங்கயே நிக்குறீங்கன்னு கேட்டுட்டுப் போவாங்க, அவங்க ரெண்டு சுத்து சுத்தி வர்றப்பவும் நாங்க சாக்கடை மூடிலதான் நிப்போம்.

இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லல. அமெரிக்கால நியூயார்க் பல்கலைக்கழகத்துல கேரன் அடால்ஃப்ங்கிற பேராசிரியரும் அவங்க குழுவும், ஒரு வயசுல இருந்து பத்தொன்பது மாசம் வரைக்குமான பிள்ளைங்க அதுங்க பாட்டுக்கு விளையாடும்போது கூடவே இருந்து எண்ணிப் பாத்தாங்க, 2012ல அது வெளிவந்துச்சு. சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 2,368 ஸ்டெப் வைக்குது, 17 தடவை விழுது. ஒரு மணி நேரத்துல பதினேழு தடவை விழுந்துட்டுப் பதினெட்டாவது தடவையும் எந்திரிச்சு ஓடுற ஆளை, வாம்மா இப்படி வந்து அமைதியா உக்காருன்னா எப்படி உக்காரும்? உலக சுகாதார நிறுவனம் 2019ல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்குன்னு ஒரு வழிகாட்டுதல் கொண்டு வந்தாங்க, அதுல ஒரு வயசு, ரெண்டு வயசுப் பிள்ளைங்க ஒரு நாளைக்குக் குறைஞ்சது 180 நிமிஷம் ஏதாவது ஒரு விதத்துல ஆடி ஓடிக்கிட்டு இருக்கணும்னு இருக்கு, தள்ளுவண்டிலயோ நாற்காலிலயோ கட்டி வச்சா ஒரே நேரத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு இருக்கு, தூக்கம் பகல் தூக்கத்தையும் சேத்து 11ல இருந்து 14 மணி நேரம். ஒரு வயசுல ஸ்கிரீனே வேணாம், ரெண்டு வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், அதுவும் குறைஞ்சா நல்லதுங்கிறாங்க. ஆக, உக்கார வைக்கிறதுக்கு நீங்க டிப்ஸ் போடுறீங்க, அவங்க உக்கார வைக்காதீங்கன்னு சொல்றாங்க, நாங்க யாரு பேச்சைக் கேக்குறது?

சரி, வீட்ல ஓட விடலாம். வெளிய? ஒரு கையெழுத்துக்காக ஒரு ஆபீசுக்குப் போக வேண்டி வந்துச்சு, வீட்ல விட்டுட்டுப் போக ஆளில்ல, கூட்டிட்டுப் போனேன். உள்ள இரும்பு நாற்காலி வரிசையா தரையோட சேத்து முடுக்கி வச்சிருக்காங்க, பளபளன்னு தரை, சுவர்ல அமைதி காக்கவும்னு போர்டு, டோக்கன் கொடுக்குற மெஷின் ஒண்ணு, அதோட பட்டனை யாரு அந்த உசரத்துல வச்சாங்களோ புண்ணியவான், சரியா அவ கைக்கு எட்டுது. அமுக்கினா சீட்டு வருது! நான் பாரத்தைப் பூர்த்தி பண்ணிட்டு நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள கைநிறைய டோக்கன் எடுத்து, உக்காந்திருந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி இந்தா, இந்தான்னு கொடுத்துட்டு இருக்கா. நிறைய பேரு சிரிச்சாங்க, ஒருத்தர் நன்றிம்மான்னு வாங்கிச் சட்டைப் பைல வச்சுக்கிட்டார். ஆனா கவுன்டர்ல இருந்தவர் எந்திரிச்சு, பெரியவரே, பிள்ளையை அடக்கி வைக்க மாட்டீங்களா, இதென்ன பார்க்கான்னு ஒரு சத்தம் போட்டார். பக்கத்துல இருந்த அம்மா, பாவம் உதவி பண்ணத்தான் நினைச்சாங்க, தன் செல்போனை எடுத்து இந்தாங்க சார் கார்ட்டூன் போட்டுக் கொடுங்க அசையாம இருக்கும்னாங்க. அவங்க சொன்னது உண்மைதான், அசையாம இருக்கும். அந்த அசையாம இருக்குறதுதான் எனக்குப் பிடிக்கல. செல்போனே கெட்டதுன்னு பேசுற ஆளு இல்ல நான், மகள் வேலைல இருந்து வீடியோ கால் பண்ணா ரெண்டு பேரும் கொஞ்சிக்குறாங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா வரிசைல நிக்குற ஒவ்வொரு தடவையும் பிள்ளை கண்ணு முன்னாடி ஒரு போனை நீட்டிக்கிட்டு இருந்தா அப்புறம் அது எறும்பை எப்ப பாக்கும், டோக்கனை யாருக்குக் கொடுக்கும்?

கவுன்டர் ஆளு மேல எனக்குக் கோவம் இல்ல, டோக்கன் நம்பரெல்லாம் குழம்பிப் போயி அவருக்கு அன்னைக்கு வேலை ரெட்டிப்பு. அந்த ஹாலைக் கட்டினவங்க மேலதான் கோவம். அவ்வளவு பெரிய இடத்துல ஒரு மூலைல ஒரு பாயை விரிச்சு, சுத்தி முட்டி உசரத்துக்கு ஒரு தடுப்பு வச்சு, நாலு மரக்கட்டையைப் போட்டிருந்தா முடிஞ்சு போச்சு. வண்டி நிறுத்த கோடு போட்டு இடம் ஒதுக்குறாங்க, செருப்பு விட இடம் ஒதுக்குறாங்க. வெயிட்டிங் ரூம்னு ஒண்ணு கட்டினா அங்க பிள்ளையும் வரும்னு யாருக்கும் தோணவே மாட்டேங்குதே!

இன்னொரு பேச்சும் அங்கயே காதுல விழுந்துச்சு, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு ஆட்டம் ஆகாதுன்னு. பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு, பிள்ளையைத் துரத்துறதுல நேரமில்லாமப் போச்சு. அதை இங்க சொல்லிக்கிறேன், அந்த 180 நிமிஷத்துல ஆணுக்கு இவ்வளவு பெண்ணுக்கு இவ்வளவுன்னு யாரும் பிரிச்சு எழுதல.

சாப்பாட்டு விஷயத்துல மட்டும் உங்க கட்டுரைல ஒரு வரி எனக்குப் பிடிச்சிருந்துச்சு, துரத்தித் துரத்தி ஊட்டாதீங்கன்னு. அதோட காரணத்தையும் போட்டிருக்கலாம். பிறந்த எடை ஒரு வயசுக்குள்ள சுமாரா மூணு மடங்கு ஆகிடுது, அதுக்கு அடுத்த வருஷம் முழுக்க சேத்தும் ரெண்டு, ரெண்டரை கிலோ வாக்குலதான் கூடும், வளர்ற வேகம் குறையுது, பசியும் குறையுது. முன்னாடி அள்ளி அள்ளிச் சாப்பிட்ட பிள்ளை திடீர்னு வாயை மூடிக்கிட்டதும் வீட்ல எல்லாருக்கும் பதற்றம், நாலு கை நாலு கிண்ணத்தோட வருது. எல்லின் சாட்டர்னு ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்னது எனக்கு ரொம்ப நியாயமாப் பட்டுச்சு, என்ன சாப்பாடு, எப்ப, எங்க உக்காந்துங்கிறது பெரியவங்க முடிவு, சாப்பிடலாமா வேணாமா, எவ்வளவுங்கிறது பிள்ளை முடிவு. கேக்க சுலபமா இருக்கு, பாட்டி கைல கிண்ணம் இருக்கும்போது இதை எடுத்துச் சொல்றதுதான் கஷ்டம். எடை நிஜமாவே குறைஞ்சா, இல்ல ஒண்ணுமே இறங்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும், அது வேற.

அழுகையைப் பத்தியும் சொல்லணும், இல்லாட்டி இவரு பேத்தி மட்டும் தங்கம்னு எழுதுறாருன்னு நினைப்பீங்க. பிஸ்கட்டை ரெண்டா உடைச்சுக் கொடுத்தேன், முழுசா வேணுமாம். வேற முழு பிஸ்கட் கொடுத்தேன், அது வேணாமாம், உடைஞ்ச அதே பிஸ்கட் முழுசாகணும். ரெண்டு துண்டையும் சேத்து வச்சு அமுக்கிக் காட்டினேன், கையை எடுத்ததும் பிரிஞ்சுடுச்சு, அவ்வளவுதான், மல்லாந்து படுத்துக் காலை உதைச்சு ஊரைக் கூட்டுற சத்தம். இதுக்கு அடிச்சா என்ன கத்துக்கும்? ஆத்திரத்தைப் பிடிச்சு நிறுத்துற வேலை மூளையோட முன்பகுதிக்கு, அது முழுசா முதிர்றதுக்கு இருபது வயசைத் தாண்டி இன்னும் சில வருஷம் ஆகும்னு சொல்றாங்க, சிலருக்கு அறுபதுலயும் முதிர்றது இல்லைங்கிறதை அப்பார்ட்மெண்ட் மீட்டிங்ல பாத்திருக்கேன். தலை எதுலயும் இடிக்காம பாத்துக்கிட்டு, பேசாம பக்கத்துல தரைல உக்காந்துக்குறதுதான் என் வழி. பேச்சு கொடுத்தா சத்தம் ஏறுது, எழுந்து போயிட்டா இன்னும் ஏறுது. கொஞ்ச நேரத்துல தானா வந்து மடில சாஞ்சுக்கிட்டு அந்த ரெண்டு துண்டையும் தின்னு முடிச்சிடுவா, கண்ணீர் கன்னத்துலயே இருக்கும்.

வேலைக்கு இடைஞ்சல்னு சொல்றாங்களே, அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். துணி காயப் போடும்போது கிளிப் கை தவறிக் கீழ விழுந்தா, எனக்குக் குனியிறது கஷ்டம்னு அவளுக்கு எப்படித் தெரியுமோ, எங்க இருந்தாலும் ஓடி வந்து எடுத்து நீட்டுவா. ஜெர்மனில லைப்சிக் நகரத்து ஆராய்ச்சி நிலையத்துல ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோன்னு ரெண்டு பேரு கிட்டத்தட்ட இதையேதான் சோதனையா செஞ்சு 2006ல எழுதினாங்க. பதினெட்டு மாசப் பிள்ளை முன்னாடி துணி போடுற ஆளு கிளிப்பை நழுவ விட்டு எட்டாம தவிச்சா பிள்ளைங்க போய் எடுத்துக் கொடுக்குது, பரிசு கிடையாது, எடுத்துக் குடுன்னு கேக்குறதும் கிடையாது. அதே ஆளு வேணும்னே கிளிப்பைத் தூக்கிப் போட்டா அவ்வளவா எடுத்துக் கொடுக்குறது இல்ல. அப்ப தவறி விழுந்ததும் தூக்கிப் போட்டதும் வேறன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. நான் இப்ப அவளுக்குன்னே வேலை ஒதுக்கி வச்சிருக்கேன், காஞ்ச சாக்ஸை ஜோடி சேக்குறது அவ பொறுப்பு. ஜோடி சேராது, அது பரவால்ல, எனக்கு அந்த நேரத்துல சட்டையெல்லாம் மடிச்சு முடிஞ்சிடும்.

இப்ப நான் வெட்ட வேணாம்னு சொன்ன விஷயத்துக்கு வரேன். பிள்ளையை அடக்க முடியாது, அடக்கவும் கூடாதுன்னா அப்புறம் அடக்கி வைக்க வேண்டியது வீட்ல உள்ள சாமானை. அதுல முதல்ல நிக்குறது பட்டன் பேட்டரி, காசு வடிவத்துல தட்டையா பளபளன்னு இருக்குமே அதுதான். சின்ன ரிமோட், எடை பாக்குற மெஷின், கார் சாவி, லைட் எரியிற பொம்மை, பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டை, எல்லாத்துலயும் இருக்கு. 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரி ஒண்ணைப் பிள்ளை முழுங்கி அது உணவுக்குழாய்ல சிக்கிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள சதையை அரிச்சுப் பெரிய புண்ணாக்கிடும். நிறைய பேரு உள்ள இருக்குற ஆசிட் கசிஞ்சுதான்னு நினைக்குறாங்க, அப்படி இல்ல, ஈரம் பட்டதும் கரண்ட் ஓடி அந்த இடத்துலயே கடுமையான காரம், அதாவது ஆசிட்டுக்கு நேர் எதிரான ஆல்கலி, உண்டாகுது, அதனால ரிமோட்ல வேலை செய்யாதுன்னு கழட்டி மேஜை மேல வச்ச பழைய பேட்டரியும் ஆபத்துதான். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காதீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, எக்ஸ்ரே எடுக்குற வசதி இருக்குற ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடணும், எச்சில் வடியிறது, இருமல்னு அறிகுறி இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்குற மாதிரி இருக்கற சாமானா பாத்து வாங்குங்க. எங்க வீட்ல எல்லா ரிமோட்டுக்கும் பின்னாடி நல்ல டேப்பா சுத்தி வச்சிருக்கேன், பாக்க அசிங்கமா இருக்குன்னு மகளுக்குக் குறை, இருந்துட்டுப் போகட்டும்.

குளியலறை பக்கெட்டும் அப்படித்தான். இந்த வயசுல உடம்புக்குத் தலை பாரம், எட்டிப் பாக்கும்போது தலைகுப்புற உள்ள விழுந்தா தானா வெளிய வர முடியாது, தண்ணி கொஞ்சமா இருந்தாலும் போதும், சத்தம் கூட வராது. வேலை முடிஞ்சதும் கொட்டிக் கவுத்து வச்சுடணும். டிராயரை ஒவ்வொண்ணா இழுத்துப் படிக்கட்டா வச்சு ஏறுறது இவங்களுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வரும், அலமாரியும் டிவி ஸ்டாண்டும் சுவரோட சேத்து முடுக்கலைன்னா ஆளோட சாஞ்சுடும். சக்கரம் வச்ச வாக்கர் வாங்கித் தர்றேன்னு ஒரு உறவுக்காரர் முன்னாடி வந்தார், நான் வேணாம்னுட்டேன், படிக்கட்டுல உருண்டு விழுற அபாயத்தாலதான் கனடால 2004லயே அதை விக்கவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க, நடை சீக்கிரம் வரும்னு சொல்றதும் உண்மை இல்ல.

அதனால ஆசிரியர் ஐயா, அடுத்த இணைப்புல அமைதிப்படுத்துற வழியெல்லாம் போதும், அந்தப் பக்கத்தை எங்களுக்குக் கொடுங்க. தொண்டைல எதாவது அடைச்சுக்கிட்டா என்ன பண்றதுன்னு படம் போட்டுப் போடுங்க, வீட்ல பிள்ளை பாக்குற தாத்தா பாட்டில எத்தனை பேருக்கு அது தெரியும்னு நினைக்குறீங்க? நல்லா சத்தமா இருமிக்கிட்டு இருந்தா இருமவே விடணும், சத்தம் நின்னு மூச்சு விட முடியலைன்னா யாரையாவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லிட்டு, முன்பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால அஞ்சு தடவை தட்டணும், வரலைன்னா ஒரு வயசு தாண்டின பிள்ளைக்குத் தொப்புளுக்கு மேல வச்சு உள்ளயும் மேலயுமா அஞ்சு தடவை அமுக்கணும், ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு வயித்துல அமுக்கவே கூடாது, நெஞ்சு நடுவுலதான், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது. இதை இப்படி எழுத்துல படிச்சா பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் வராது, ஒரு டாக்டரை வச்சு சரி பாத்துப் படமா போட்டீங்கன்னா வெட்டி எடுத்து அடுப்படிச் சுவர்ல ஒட்டிக்குவோம். படம் பெருசாவே இருக்கட்டும், கண்ணாடி இல்லாம பாத்தாலும் தெரியணும், என் கண்ணாடி எந்த நேரத்துல எந்த டிராயர்ல இருக்கும்னு சொல்ல முடியாது.

இப்படிக்கு,
பேத்தி பின்னாடி ஓடிக்கிட்டு இருக்குற ஒரு வாசகர்